யாருடைய நோக்கம்?

(சேலியமேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்குப் பேச வருகிறவர்கள் வாணிதாசன் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. 1915-ல் வில்லியனூரில் பிறந்து, ஆசிரியராக வாழ்ந்து, சேலியமேட்டைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1974-ல் மறைந்தவர். இயற்கையைப் பாடிய கவிஞர் வாழ்ந்த மண்ணில் நான் பணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றித்தான். ‘தூய நோக்கோடு செய்யும் கிறித்தவ ஈகையும் இரக்கமும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஈகை என்றால் கடைசியில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற அரிசி, துணி, காசு. அதில் சிக்கல் இல்லை. ‘தூய நோக்கு’ என்பதில்தான் சிக்கல். நோக்கத்தை யார் கண்டது? நான் நூறு ரூபாய் கொடுத்தால் அந்த நூறு ரூபாய் தெரியும். எதற்காகக் கொடுத்தேன் என்பது எனக்கே முழுசாகத் தெரியாது. இரக்கம் கொஞ்சம், பழக்கம் கொஞ்சம், பக்கத்தில் நிற்கிறவர் பார்க்கிறாரே என்ற கூச்சம் கொஞ்சம், விட்டால் போதும் என்ற அலுப்புக் கொஞ்சம், எல்லாம் கலந்துதான் சட்டைப்பையிலிருந்து கை வெளியே வருகிறது. ஆகவே ‘உங்கள் உள்ளத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆள் இருக்கிறார்கள். கொடுக்கிற இடத்தில் என்ன கேள்வி எழுகிறது, அது யாரைப் பார்த்து எழுகிறது என்பதை மட்டும் பார்க்க நினைக்கிறேன்.

அறக்கட்டளை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. பக்கத்தில் இருக்கிற பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விச் சாலை, இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாம் ஆட்சியாண்டில் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களை அந்தக் கல்விச்சாலைக்கு எழுதி வைத்தார்கள். செப்பேடு அதைச் சொல்கிறது. பிற்பாடு சோழர் காலத்துக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டால், கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தவர் பெயர், அவர் ஊர், ஆட்டை யார் பொறுப்பில் விட்டார்கள், நாளுக்கு எவ்வளவு நெய் அளக்கவேண்டும் என்பதெல்லாம் சுவரில் வெட்டிக் கிடக்கும்.

டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதும் நகைச்சுவையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதை நான் மறுபடி சொல்லவில்லை. ஆனால் கல்லில் பெயர் வெட்டியதெல்லாம் விளம்பரம் என்று சிரித்துவிட்டுப் போவது சரியல்ல. ஆட்டை வாங்கிக்கொண்டவர் நெய் அளக்காமல் போனால், ஊர்ச்சபையே அந்த முதலில் கைவைத்தால், கேட்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்ற எழுத்து இல்லாவிட்டால் நாலு தலைமுறையில் கொடுத்ததே இல்லை என்றாகிவிடும். இன்றைக்கு நாம் பத்திரம் எழுதுகிறோம், பதிவு செய்கிறோம், தணிக்கை செய்கிறோம். அன்றைக்குக் கோயில் சுவர். கொடுத்தவர் பெயர் வெளியே தெரிவதாலேயே கொடை கறைபட்டுவிடாது என்பதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இதற்கு எதிராகச் சொல்கிறதே என்று கிறித்தவ நண்பர்கள் கேட்கலாம். தருமம் செய்யும்போது தெருவில் தாரை ஊதாதே, வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்பது இயேசுவின் போதனை. கிறித்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்த போதனை. ஆனால் அதே இயேசு எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததாக மாற்கு எழுதுகிறார். ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு செப்புக்காசு நமக்குத் தெரிவதே அவர் பார்த்ததால்தான். அப்போஸ்தலர் பணிகள் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியா, சப்பிரா என்று ஒரு தம்பதி வருகிறார்கள். நிலத்தை விற்றார்கள், ஒரு பங்கை வைத்துக்கொண்டார்கள், முழுவதையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பேதுரு அவர்களைக் கடிந்துகொண்டது வைத்துக்கொண்டதற்காக இல்லை. நிலம் உங்களுடையது, விற்ற பணமும் உங்களுடையது, பொய் எதற்கு என்பதே அவர் கேள்வி. குறைவாகக் கொடுத்திருந்தால் குற்றமே கிடையாது.

நல்ல சமாரியர் கதையையும் சேர்த்துக்கொள்வோம். அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரர் கையில் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமாரியர் போய்விடுகிறார். அந்தச் சத்திரக்காரரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டு. மேற்செலவுக்கு வெறும் வாக்கை நம்பி நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் அவர். அது போகட்டும். அடிபட்டவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? கள்வர் நடமாடுகிற வழியில் தனியாக ஏன் வந்தாய், நீ எந்த இனம், உன் வீட்டில் பார்க்க ஆள் இல்லையா, குணமானால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வியும் இல்லை. கதை முழுக்கக் கேள்வி வழியில் போனவர்களைப் பார்த்துத்தான். தாரை ஊதுகிறவர், காணிக்கை போடுகிறவர், நிலம் விற்றவர், ஒதுங்கிப் போன குரு என்று எங்கே பார்த்தாலும் நற்செய்தி கொடுக்கிறவருடைய நோக்கத்தையே கேட்கிறது. இந்தக் கதைகளில் வாங்குகிறவரின் நோக்கத்தை அது கேட்பதில்லை.

இது கிறித்தவத்துக்கு மட்டும் உரிய கேள்வி என்று நான் சொல்ல வரவில்லை. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் என்னும் வள்ளலைப் புகழும்போது, இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை வியாபாரம் செய்கிறவன் அவன் இல்லை என்கிறார். பரிசில் வாங்கப் போன புலவர், கொடுத்தவனுடைய நோக்கத்தை எடைபோட்டுச் சான்றிதழ் தருகிறார். எவ்வளவு நிமிர்ந்த நிலை, பாருங்கள்.

நம் நடைமுறை இதைத் தலைகீழாக்கிவிட்டது. எப்போது தலைகீழானது என்று தேதி சொல்ல முடியாது. மிகத் தெளிவாகத் தெரிகிற இடத்தைச் சொல்லலாம். தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை இழுத்தது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். அரசாங்கம் தாராளமாகச் செலவு செய்கிறது, நிவாரண வேலைக்குத் தேவையில்லாதவர்களும் வந்துவிடுகிறார்கள் என்பது மேலிடத்தின் கவலை. மண் வெட்டுகிற ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் 450 கிராம். வெயிலில் நாள் முழுக்க மண் சுமக்கிறவருக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உயிர் தரிக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூலியைக் கூட்டினார்கள்.

அந்தக் கூலிக்குப் பின்னால் இருந்த எண்ணத்தைக் கவனியுங்கள். ‘இவனுக்கு உண்மையிலேயே பசிக்கிறதா, அல்லது சும்மா வந்திருக்கிறானா?’ பசியோடு வந்தவருடைய நோக்கத்தைச் சோதிக்க ஒரு கருவி கண்டுபிடித்தார்கள். கூலி குறைவாக இருந்தால் உண்மையான ஏழை மட்டும்தான் வருவான் என்பது கணக்கு.

இதே பஞ்சத்தில் மாயூரத்தில் ஒரு கத்தோலிக்கர் இருந்தார். முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்து, தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப் வேலை பார்த்து, 1872-ல் ஓய்வு பெற்றவர். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது வெளிவந்தது 1879. பஞ்சம் ஓய்ந்து மூச்சு விட்ட நேரம். பஞ்சத்தில் அவர் தம் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். அவர் கஞ்சி ஊற்றியதற்கும் வாங்கியவர்களின் மதத்துக்கும் சம்பந்தம் இருந்ததாக ஒரு பேச்சும் கிடையாது. பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் மன்றாடும் கீர்த்தனைகளை அவர் பாடினார். 1878-ல் வந்த அவருடைய கீர்த்தனை நூலின் பெயரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. எந்த மதத்தாரும் பாடலாம். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் நண்பர். தம் மதத்தில் உறுதியானவர். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்த இடைஞ்சலும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய பஞ்சகாலக் கொடையைப் புகழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு கீர்த்தனை பாடினார். ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய அதே பாரதியார்தான்.   தாரையை வேதநாயகம் பிள்ளை ஊதவில்லை, பாரதியார் ஊதினார். அதற்கு மத்தேயுவில் தடையில்லை.

புதுச்சேரிப் பக்கம் வருவோம். அன்றைக்குப் புதுச்சேரி மிஷனின் தலைவர் ஆயர் லவுனான். அவர் ஆளுகையில் பிரெஞ்சுப் பகுதி மட்டுமல்ல, சுற்றியிருந்த பிரிட்டிஷ் ஜில்லாக்களும் இருந்தன. பஞ்ச காலத்தில் பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். பெரும்பாலோர் சேரி மக்கள். வில்லியனூர் மாதா கோயில் எழுந்ததும் அதே 1877-ல்தான். அப்போது தொடங்கிய ஒரு பேச்சு இன்றுவரை ஓயவில்லை: ‘சோற்றுக்கு மதம் மாறினவன்.’ அந்தப் பேச்சைப் பிற மதத்தார் மட்டும் பேசவில்லை. மேல்சாதிக் கிறித்தவர்களும் பேசினார்கள். சில பாதிரிமார்களும் தங்கள் கடிதங்களில், இவர்கள் விசுவாசம் உண்மையா வயிற்றுக்காகவா என்று கவலைப்பட்டார்கள். டெம்பிளுடைய கேள்வியேதான், அங்கி மாற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கேள்வியை ஒருவர் வேறு மாதிரிக் கையாண்டார். அவர் கத்தோலிக்கர் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. ஓங்கோலில் இருந்த ஜான் கிளஃப் என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. மிஷனரியாவதற்கு முன் நில அளவை வேலை தெரிந்தவர். பக்கிங்காம் கால்வாய் உங்களுக்குத் தெரியும். தெற்கே நம் மரக்காணத்தில் வந்து முடிகிறது. அதன் பல பகுதிகள் அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டவை. ஓங்கோல் பக்கத்தில் மூன்றரை மைல் நீளத்துக்கு வெட்டுகிற குத்தகையைக் கிளஃப் எடுத்தார். மேஸ்திரிகளாகத் தம் உபதேசிகளையே போட்டார். காரணம், மற்ற இடங்களில் மேஸ்திரி அடித்தான், கூலியில் கைவைத்தான். ஆயிரக்கணக்கான மாதிகர்கள், தோல் வேலை செய்கிற தலித் மக்கள், அங்கே வந்து வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள், சாப்பிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உபதேசிகளிடம் கதை கேட்டார்கள். எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்றும் கேட்டார்கள்.

கிளஃப் கொடுக்கவில்லை. நிவாரணப் பணம் தம் கையில் இருக்கிறவரைக்கும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று நிறுத்திவிட்டார். ஓராண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. மிஷனரிக்கு எண்ணிக்கைதான் சம்பளம், எண்ணிக்கைதான் பெருமை. ஊரே வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவது சின்ன விஷயமில்லை. 1878-ல் நிவாரணப் பணம் தீர்ந்தது. இனி என்னிடம் உதவி எதுவும் கிடையாது, போய் வாருங்கள் என்று சொன்னார். அவர் எழுதி வைத்திருப்பதன் சாரம் இது: வந்தவர்கள் தங்கள் கைகளை நீட்டிக் காட்டினார்கள். மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் கண்ட கை. நாங்கள் உழைத்துச் சாப்பிட்டோம், இனியும் உழைப்போம், உன் பணம் எங்களுக்கு வேண்டாம், ஞானஸ்நானம் கொடு என்றார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். ஆறு உபதேசிகள், இருவர் இருவராக மாற்றி மாற்றி முழுக்காட்டினார்கள்.

இதை நான் பெரிதாக நினைக்கிறேன். கிளஃப் தம் நெஞ்சைத் தொட்டு ‘என் நோக்கம் தூயது’ என்று சொல்லிக்கொண்டு போயிருக்கலாம்; அநேகமாக அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் தம் நோக்கத்தின் மேல் அவருக்கே நம்பிக்கை போதவில்லை. கையில் அரிசி இருக்கிறவனுடைய சொல்லுக்கு இருக்கிற கனத்தை அவர் அறிந்திருந்தார். அதனால் நோக்கத்தை ஓர் ஏற்பாடாக மாற்றினார்: அரிசி இருக்கும்போது மதம் இல்லை, மதம் வரும்போது அரிசி இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. அந்த 2,222 என்ற எண் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டது. தாரை வேறு கரையில் ஒலித்தது. இன்னொன்றும் உண்டு. கை நீட்டிக் காட்டி நிரூபிக்க வேண்டிய நிலை வந்ததே, அதுவும் வாங்கியவர்கள் தலையில் வைத்த சோதனைதானே என்று யாராவது கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை.

‘சோற்றுக்கு மாறினவன்’ என்ற பேச்சை இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட ஆய்வு நூல் சென்னை மாகாணத்துப் பறையர் மக்களைப் பற்றியது. அவர்கள் மிஷனரிகளிடம் போனது வெறும் கஞ்சிக்காக இல்லை. மனைக்கட்டு, நிலம், மிராசுதாரரின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு இவற்றுக்காகவும்தான் என்று அது காட்டுகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நிலம் கேட்பது கீழான நோக்கம், மோட்சம் கேட்பது மேலான நோக்கம் என்று தரம் பிரித்தது யார்? நிலம் வைத்திருந்தவர்கள்.

புதுச்சேரியிலேயே சாட்சி இருக்கிறது. சம்பா கோயில் என்னும் தேவாலயத்துக்குள் பறையர் கிறித்தவர்களுக்கும் மற்றக் கிறித்தவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். 1745-ல் அந்த மக்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டதையும், சுவரை ஒட்டி எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். அவர்கள் கஞ்சி கேட்கவில்லை. சுவரை எடுக்கச் சொன்னார்கள். கஞ்சி கேட்டால் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரக்கம் காட்டுவதைவிடச் சுவரை இடிப்பது மேல்சாதிக் கிறித்தவர்களுக்குக் கடினமாக இருந்தது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. தூய நோக்கு என்று தலைப்புப் போட்டு எங்களை அழைக்கும்போது, கிறித்தவர்களாகிய நாங்கள் இதையும் கேட்டுக்கொண்டுதான் உட்காரவேண்டும்.

அந்தச் ‘சோற்றுக்கு மாறினவன்’ பேச்சு சட்டத்திலும் எட்டிப் பார்த்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் அதே அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. வற்புறுத்தி, ஆசை காட்டி, ஏமாற்றி மதம் மாற்றினால் தண்டனை. கொடுக்கிறவருடைய நோக்கத்தைத்தானே சட்டம் கேட்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மாறியவர் பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை கூடுதல். அதாவது இவர்களுக்குச் சொந்தப் புத்தி கொஞ்சம் குறைவு என்று சட்டமே எடுத்துக்கொண்டது. ஆசை காட்டுவது கேவலம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆசைப்பட்டு மாறினாய் என்று ஒரு விவசாயக் கூலிப் பெண்ணிடம் சொல்ல நாம் யார் என்பதே என் கேள்வி.

நம் காலத்து நிவாரணத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, சுனாமி. நம் கொம்யூனிலேயே நரம்பை, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம், பனித்திட்டு என்று கடலோர ஊர்கள். அன்றிலிருந்து சில வாரம் புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. சாலையோரத்தில் மலையாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கியது. கிழிந்த ரவிக்கை, காலர் கறுத்த சட்டை, குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டு. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. ‘இவ்வளவு போயும் திமிர் போகவில்லை’ என்று சிலர் முணுமுணுத்தார்கள். கடலில் சம்பாதித்து நல்ல சேலை கட்டிய பெண்கள் அவர்கள். அந்தத் துணி மூட்டைகளைக் கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழுதுகொண்டே கட்டியவர்களும் உண்டு. ஆனால் அலமாரியைக் காலி செய்த நிம்மதி அந்த மூட்டைக்குள் இருந்தது. வாங்குகிறவரை ஒரு நொடி நினைத்துப் பார்த்திருந்தால் கம்பளிக் கோட்டு வந்திருக்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். அதற்கடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து பாகூர் வட்டாரத்துக்குள் புகுந்தது. அதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும், நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்போது புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. மாடி வீட்டுக்காரனுக்கும் எதற்கு என்று டீக்கடையில் விவாதம் நடந்தது. நியாயமான விவாதம்தான். ஆனாலும் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்து, உனக்கு உண்மையிலேயே நஷ்டமா என்று கேட்காமல் வந்த பணம் அது. 450 கிராம் தானியத்திலிருந்து நாம் கொஞ்ச தூரம் வந்திருக்கிறோம். அரசாங்கம் ஒன்றும் தூய நோக்கத்தோடு கொடுத்திருக்காது, ஓட்டை நினைத்துத்தான் கொடுத்திருக்கும் என்பீர்கள். இருக்கட்டும். நோக்கம் கலப்படமாக இருந்தும் ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் வாங்குகிறவர் தலைநிமிர்ந்து வாங்க முடிகிறது. நோக்கம் சுத்தமாக இருந்தும் ஏற்பாடு மோசமாக இருந்தால் கம்பளிக் கோட்டு வருகிறது.

ஒழுங்கான ஏற்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். எங்கள் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று உண்டு. 1833-ல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. மதம் பேசுகிறீர்களே, ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு மாணவர்கள் கேட்டதற்குப் பதிலாகப் பிறந்த சபை. இந்தியாவுக்கு 1863-ல் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பங்குகளில் அந்தச் சபைக் கூட்டத்தைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. பூசை முடிந்து ஏழெட்டுப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்து செபம் சொல்லுவார்கள், கணக்கு வாசிப்பார்கள். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். இரகசியப் பை. ஒவ்வொருவரும் மூடிய கையைப் பைக்குள் விட்டு வெளியே எடுப்பார்கள். ஐந்நூறு போட்டாரா, ஐந்து ரூபாய் போட்டாரா, ஒன்றுமே போடாமல் கையை எடுத்தாரா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் கையில் காசில்லாத உறுப்பினரும் மற்றவர்களைப் போலக் கையை விட்டு எடுக்கலாம். பிறகு இரண்டிரண்டு பேராக வீடு பார்க்கப் போவார்கள். யார் வீட்டுக்குப் போனார்கள் என்பது வெளியே வரக்கூடாது என்பது விதி.

விதி எல்லா இடத்திலும் காப்பாற்றப்படுகிறதா என்றால் இல்லை. வீடு பார்க்கப் போனவர் கண், ‘டி.வி. இருக்கிறதே, ஃப்ரிட்ஜ் இருக்கிறதே’ என்று சுற்றிவிட்டால் அந்த வீட்டில் டெம்பிள் துரை வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் இந்தப் பையைத் தைத்தவர்களுக்கு மனித மனம் தெரிந்திருக்கிறது. கொடுக்கிற தொகையை மறைத்ததில் கொடுக்கிறவனுக்குப் பெருமையும் இல்லை, இல்லாதவனுக்கு அவமானமும் இல்லை. மத்தேயுவின் வலக்கை இடக்கையைத் துணியில் தைத்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இன்றைய கூட்டத்தைப் பற்றியது. இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் சில மாணவ மாணவியருக்குப் படிப்புச் செலவுக்குப் பணம் தருகிறது. என் பேச்சுக்கு அடுத்து அந்த நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மேடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘தந்தையை இழந்த மாணவி’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளை மேலே வந்து ஒரு கவரின் ஒரு ஓரத்தைப் பிடிக்கும், கொடுப்பவர் மறு ஓரத்தைப் பிடிப்பார், போட்டோக்காரர் ‘இன்னும் ஒண்ணு’ என்பார். அந்தப் பதினாலு வயதுப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

இதைப் பற்றிப் பொறுப்பாளர்களிடம் நேற்றே தொலைபேசியில் பேசினேன். ஒருவர், நன்கொடை தருகிறவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும் என்று கேட்டார். அது சரியான கேள்வி. பாகூர்ச் செப்பேட்டுக் காலத்திலிருந்து இருக்கிற கேள்வி. பணம் மாணவர்களின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ரசீதுகளைத் தணிக்கையாளர் பார்க்கட்டும், நன்கொடை தந்தவர்களுக்கு ஆண்டறிக்கை அனுப்புங்கள், அதில் தொகையும் எண்ணிக்கையும் இருந்தால் போதும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஆகவே இன்று மேடையில் கவர் கிடையாது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய இந்த ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும், உதவி பெறுகிறவர்களையும் பெறாதவர்களையும் கலந்து, பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் வாசித்து மேடைக்கு அழைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம். போட்டோக்காரர் அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெயர் வாசிக்கும் ஆசிரியை தயாராக நிற்கிறார், நான் இறங்கிக்கொள்கிறேன்.